துடைத்தால் போகாத கொப்புளம்

நாடகக் கம்பெனியில் இருபது வருடமாக மற்றவர்கள் முகத்தில் நோய் வரைகிறவள் நான். காமாலையோ தீக்காயமோ அம்மையோ, அரை மணியில் தயார். அதனால் அன்று காலை என் வீட்டுக்காரர், "உடம்பெல்லாம் அம்மை போட்டிருக்கு, பாரேன்" என்று முனகியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை, பிரசவம் வரை எங்களோடு தங்க அன்றைக்குத்தான் வருகிறாள். இவர் தன் அறையைக் காலி செய்ய வேண்டும். போன தடவை என் அண்ணன் வந்தபோது, என் பெட்டியிலிருந்து மஞ்சளை எடுத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு காமாலை என்று படுத்த மகானுபாவர் இவர்!

"சட்டையைக் கழட்டுங்க, வேலை எப்படின்னு பாக்கலாம்."

பார்த்தேன். படுமோசம்.

"முகத்துல ரெண்டே ரெண்டு, நெஞ்சுல இத்தனையா? பாக்கறவங்க முகத்தைத்தானே பாப்பாங்க? அதுவும் ஒண்ணு சிவப்பா இருக்கு, ஒண்ணுல தண்ணி நிக்குது, ஒண்ணு காஞ்சே போச்சு. ஒரே கை போட்ட மாதிரியா இருக்கு? நான் வச்சா எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு."

"அரிக்குதுடி."

"அரிக்கும், அரிக்கும்."

வேஷம் கலைக்கிற கோல்ட் கிரீமைப் பஞ்சில் தொட்டு ஒரு கொப்புளத்தை அழுத்தித் துடைத்தேன். அது உடைந்து தெளிந்த நீர் வந்தது. இவர் அலறிக்கொண்டு திரும்பினார். முதுகிலும் அதே கூத்து. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கொத்தாகக் கொப்புளங்கள். அங்கே எவனுக்கும் தன் கை எட்டாது. தொட்டேன், உடம்பு கொதித்தது.

கிளினிக் நர்சுக்குப் போன் செய்தேன்.

"பழசும் புதுசும் கலந்து இருக்கா? உடம்புலதான் அதிகமா? அப்ப சின்னம்மைதான் போலிருக்கு. உடனே டாக்டர்கிட்ட பேசுங்க. வீட்ல கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா?"

தங்கை வந்துகொண்டிருக்கிறாள். சின்ன வயதில் எனக்கு அம்மை வந்தபோது தங்கையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு இதுவரை வந்ததேயில்லை.

கீழே டாக்சி வந்து நின்றது. பால்கனிக்கு ஓடினேன்.

"மேல வராதடி! அத்தானுக்கு அம்மை! உனக்கும் பிள்ளைக்கும் ஆகாது!"

தங்கை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தடவை என்ன கலர்க்கா?" பெட்டியோடு முதல் படியில் கால் வைத்தாள்.

இவர் உள்ளேயிருந்து கத்தினார். "சத்தியமாத்தாம்மா! அறையை வேணா இப்பவே எழுதித் தரேன், இன்னிக்கு மட்டும் வராத!"

"பிரமாதம் அத்தான்!" இன்னொரு படி ஏறினாள்.

ஊரையே நம்ப வைக்கிற எனக்கு, ஒரு நிஜத்தை நம்ப வைக்கத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது, மூக்கு ஒழுகியது, தெருவே வேடிக்கை பார்த்தது.

தங்கை நின்றாள். மெல்லப் பின்னால் இறங்கினாள்.

"சரிக்கா, அழாத. நான் சித்தி வீட்டுக்கே போறேன். உனக்கு வேஷம் போடத்தான் தெரியும், இப்படி அசிங்கமா அழுது நடிக்கவெல்லாம் வராது."