காயம்படாத விதைகள்

தொட்டியில் மஞ்சளாகப் பூத்திருந்ததைக் காட்டி, "பாருக்கா, அவ ஆவாரை பூத்துடுச்சு" என்றான் தம்பி. போன வருஷம் மனைவி இறந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

நான் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள். ஆவாரைக்கு இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் அது இல்லை. இலைகளும் பெரிதாக, நுனி கூராக இருந்தன. ஒன்றைக் கசக்கி முகர்ந்தேன், குமட்டியது. குப்பைமேட்டில் தானாக முளைக்கிற பேயாவரை.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு என்றைக்கு இருந்தது? அதோடு, அவள் விதை எடுத்த செடியை ரோடு போடுகிறோம் என்று பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அவள் கொடுத்துவிட்டுப் போன ஒரு பிடி விதைதான் மிச்சம்.

"இது அவ விதை இல்லடா. மண்ணு எங்க எடுத்த?"

"ரோட்டோரம்."

"அப்ப இது மண்ணோட வந்த களை. விதைய முனையில நறுக்கித்தான போட்ட? தோலு கல்லு மாதிரி, நறுக்கலன்னா தண்ணி உள்ள போகாதுன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!"

"நறுக்கல."

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இரும்பையே அறுக்கிறவன். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஒரு விதைய நறுக்க உனக்கு என்னடா கேடு?"

"அவ கை பட்டதுக்கா. எப்படி வெட்டுறது?"

நான் சல்லடையைத் தேடி எடுத்துவந்தேன்.

செடியைப் பிடுங்கிவிட்டு மண்ணைச் சலித்தோம். விதைகள் போட்டது போட்டபடியே கிடந்தன. ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்து மேஜையில் வைத்தான். நகவெட்டியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசியில் என்னிடம் நீட்டினான்.

"நீயே பண்ணு. நான் பாக்கல."

சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் நறுக்க நறுக்க, ஒவ்வொரு 'டக்'குக்கும் அவன் தோள் தூக்கிப்போட்டது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பாதி முடிந்திருக்கும். அவன் சட்டென்று வந்து மீதி விதைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"போதும்க்கா. அது முளைக்கட்டும். இது எனக்கு இப்படியே இருக்கட்டும்."