ஹெஸ்டரின் எட்டு எருதுகள்

"என் எட்டு எருதுங்க உன் டிராக்டரை மண்ணைக் கவ்வ வைக்கும், எழுதி வச்சுக்கோ" என்றாள் ஹெஸ்டர்.

அவளிடம் எருது கிடையாது. ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. அவள் சொன்ன எருதுகள் செத்து எழுநூறு வருஷம் ஆகியிருந்தது.

சொன்ன இடம் ஸ்கெல்விக் ஊர் பப். சொன்ன நாள் நவம்பர் மாத ஜூரி நாள். அன்றைக்கு ஊர் ஜூரிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் டிரெய்லரில் ஏறி வயலைச் சுற்றி வருவார்கள். எவனாவது பொதுப் புல்தரைக்குள் ஏரை நுழைத்திருந்தால் எல்லையில் முளையடித்து அபராதம் போடுவார்கள். மன்னர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், இந்த வழக்கம் மட்டும் போகவில்லை. ஆனால் அந்த வருஷம் பாதி வயலைக்கூடப் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அதோடு பப்பில் மாட்டிறைச்சியை மாவுக்குள் மூடிச் சுடும் 'பை' என்ற பலகாரம் அடுப்பேறிவிட்டதாகச் செய்தி வந்தது. பையைக் காக்கவைக்கும் துணிச்சல் எந்த ஜூரிக்கும் கிடையாது.

"மாடுகளை எங்க கட்டியிருக்கீங்க அண்ணி? நான் பாத்ததே இல்லையே" என்றான் ரோலண்ட். ஹெஸ்டரின் காலஞ்சென்ற கணவனுடைய தம்பி. அறுபத்தொரு வயசு. அவனுடைய டிராக்டரின் விலைக்கு ஊர் தேவாலயத்தை வாங்கிவிடலாம், மணியோடு சேர்த்து. அதை ஓட்டுவது வானத்திலிருக்கும் செயற்கைக்கோள். ரோலண்ட் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவான்.

"மண்ணுக்குள்ளதான் இருக்குதுங்க. நீ குனிஞ்சு பாத்தாத்தானே தெரியும்."

ஹெஸ்டருக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தமான பண்ணை நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மேற்கு வயலின் மேடு பள்ளத்தையெல்லாம் நிரவி, அடியில் வடிகால் குழாய் புதைத்து, ஒரே சமதளமாக்கிவிடலாம். அடுத்த ஜூரி நாளில் ஜூரி சரி என்றால் போதும். மேற்கு வயல் நீள நீளப் பட்டைகளாகப் பிரித்த நிலம்; அதில்தான் ஹெஸ்டரின் ஏழு பட்டைகளும் இருந்தன. நாற்பது வருஷம் அவளும் கணவனும் உழுத நிலம். நிரவிவிட்டால் பெரிய மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் அங்கே வேலை. அவள் கடற்கரை ஊர் எதிலாவது பூனையோடு உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான். அவளுக்குப் பூனை பிடிக்காது. கடலும் அவ்வளவாகப் பிடிக்காது.

ஜூரியில் நிரவலாம் என்று ஆறு பேர். வேண்டாம் என்று ஐந்து பேர். ஆறுக்கு ஆறு வந்தால் பழைய வழக்கம் நிற்கும். வாயைத் திறக்காதவன் பன்னிரண்டாவது ஆளான ரோலண்ட் ஒருவன்தான்.

"ஒரு ஏக்கருக்கு ஒரு ஏக்கர்" என்றாள் ஹெஸ்டர். "மேற்கு வயல்ல என்னோடது. வேலிக்கு அந்தப் பக்கம் நீ நிரவி வச்சிருக்கியே, அதுல உன்னோடது. ஒரே மண்ணு, விதைச்சதும் ஒரே கோதுமை. என்னோடது ஜெயிச்சா உன் ஓட்டு எனக்கு."

ரோலண்ட் சிரித்ததில் பீர் மூக்கில் ஏறியது. "நான் ஏக்கருக்கு மூணரை டன் எடுக்கறேன். உங்களுக்கு ரெண்டு வந்தாப் பெருசு. அந்த மாட்டுக் காலத்துல கால் டன் எடுத்தாங்க. அதுலயும் கால்பங்கு விதைக்குப் போயிரும். ஊரே பட்டினி."

"பட்டினிதான். செத்தா போயிட்டாங்க? செத்திருந்தா நீ எங்கேருந்துடா வந்த?"

ஜூரித் தலைவர் கத்பர்ட், காது மந்தமான மனிதர், இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பந்தயத்தை ஜூரிப் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டார்.

அன்று பிடித்த மழை விடவில்லை. ஸ்கெல்விக்கில் இன்றைக்கும் சொல்வார்கள்: கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகளைத் தபால்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். பாதிரியார் நோவாவைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். நாலாவது ஞாயிறு ஜனங்கள் எழுந்து, பேழை கட்ட மரம் என்ன விலை என்று கேட்டார்கள். வாத்துகளே மேட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தன.

ஹெஸ்டர் கவலைப்படவில்லை. அவளுடைய ஒவ்வொரு பட்டையும் உப்பிய ரொட்டியை வைத்ததுபோல நடுவில் உயர்ந்திருக்கும். அந்தக் காலத்துக்காரன் எட்டு எருது பூட்டி, வருஷா வருஷம் மண்ணை நடுப்பக்கமாகவே புரட்டிப் புரட்டிக் குவித்தது. தண்ணீர் பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். பட்டை நேராகவும் இருக்காது, பாம்புபோல நெளிந்திருக்கும். எட்டு எருதைச் சட்டென்று திருப்ப முடியுமா? முனை வருவதற்கு முன்பே வளைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வளைவு அப்படியே நின்றுவிட்டது.

ஜனவரியில் ஒரு காலை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவள், பள்ளத்தில் தண்ணீர் நகராமல் நிற்பதைப் பார்த்தாள். மேட்டின் தோள்வரை ஏறியிருந்தது. கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்தால், எட்டுப் பள்ளத்தின் வாயும் மண்ணால் அடைபட்டிருந்தது. பட்டைகளின் முனையை ஒட்டிக் குறுக்கே ரோலண்டின் பட்டை ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில் அவன் அதை உழுதபோது, செயற்கைக்கோளுக்கு வளைவு தெரியவில்லை. அது கோடு போட்டமாதிரி நேராகப் போய் வாயையெல்லாம் மூடிவிட்டது. பையின் அவசரத்தில் ஜூரி பார்க்காமல் விட்டது இந்த மூலையைத்தான்.

ஜூரியிடம் போகலாம். அபராதம் போடுவார்கள். அதற்குள் கோதுமை அழுகிவிடும். நேராக ரோலண்ட் வீட்டுக்குப் போனாள். அவன் முட்டையும் பன்றி இறைச்சியுமாக உட்கார்ந்திருந்தான்.

"உன் செயற்கைக்கோள் என் மடையை அடைச்சிருச்சு."

"எத்தனை?"

"எட்டு."

அவன் முட்டையைப் பார்த்தான். ஹெஸ்டர் அவனையே பார்த்தாள். பத்து நாள் சும்மா இருந்தால் போதும், பந்தயம் அவன் பக்கம். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், முட்டைக்கேகூடத் தெரிந்திருக்கும். ரோலண்ட் பெருமூச்சு விட்டு, மண்வெட்டி எங்கே என்று தேடப் போனான்.

இரண்டு நாள் தோண்டினார்கள். டிராக்டரைச் சேற்றில் இறக்கினால் அதை எடுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும், ஆகவே கையால்தான்.

"தன்னைத் தோக்கடிக்கத் தானே பள்ளம் வெட்டுற முட்டாளை எங்கயாவது பாத்திருக்கீங்களா அண்ணி?"

"உங்க அண்ணன்கூட இப்படித்தான். நேரா வெட்டாதடா. மாடு போன வழியில வெட்டு."

"மாடு எந்த வழியா போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியும். விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தான். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு வளைவைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடையைப் பார்க்க ஓடியது. ரோலண்ட் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்தபடி நின்றான். அன்று மாலை அவள் அவனுக்கு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினாள். பந்தயத்தில் எதிரிக்குக் கேக் கொடுக்கலாமா என்று கத்பர்ட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். விதி எதுவும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கதை வேறு. ரோலண்டின் நிலம் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி சமம். அடியில் அருமையான குழாய்கள். குழாயின் வாய் ஓடையில் இருந்தது. ஓடையோ குழாயைவிட உயரமாகிவிட்டது. வந்த வழியே தண்ணீர் திரும்பி ஏறியது. பிப்ரவரியில் அன்னங்கள் வந்து இறங்கின. மார்ச்சில் அவை கூடு கட்ட இடம் பார்த்தன.

ஆகஸ்டில் அறுவடை. ஹெஸ்டரின் ஏக்கரில் பள்ளமெல்லாம் போச்சு, ஒரு கதிர் இல்லை. மேட்டு முதுகு மட்டும் மஞ்சளாக நின்றது. எடை போட்டால் ஒன்றே கால் டன். வேறு வருஷமாக இருந்தால் இந்தக் கணக்கை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். ரோலண்டின் ஏக்கரில் அரை டன்னுக்கும் கீழே. அறுப்பு மெஷினுக்குள்ளிருந்து உயிரோடு ஒரு மீன் குதித்தது என்று ஹெஸ்டர் சொல்வாள். அது தவளை என்பான் ரோலண்ட். ஓட்டைப் பற்றி மட்டும் அவன் பேச்செடுக்கவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. வழியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். தராசை எல்லோரும் பார்த்தார்கள்தான். ஆனால் ஓட்டு அவன் வாயில் இருந்தது. ஒரு நாள் ஹெஸ்டர் பூனை விளம்பரம் ஒன்றை உட்கார்ந்து முழுசாகப் படித்தாள்.

ஜூரி நாள் வந்தது. இந்தத் தடவை ஒரு மூலை விடாமல் பார்த்தார்கள். பை ஆறிப்போனது. பப்பில் கத்பர்ட் கை தூக்கச் சொன்னார். நிரவ ஆறு. வேண்டாம் என்று ஐந்து. எல்லோரும் ரோலண்டைப் பார்த்தார்கள்.

"பத்து வருஷத்துல ஒன்பது வருஷம் நான்தான் ஜெயிப்பேன்" என்றான் அவன். "அதை முதல்ல சொல்லிடறேன்."

"ஒத்துக்கறேன்" என்றாள் ஹெஸ்டர்.

"என் குழாய் நல்ல குழாய். டிராக்டரும் நல்ல டிராக்டர். விளைச்சல் கெட்டுப்போனா நான் கடையில ரொட்டி வாங்கிக்குவேன். மாட்டுக் காலத்து ஆளுங்களுக்குக் கடை ஏது? நல்ல வருஷத்துல நிறைய எடுக்கணும்னு அவனுங்க உழலை. கெட்ட வருஷத்துல கொஞ்சமாவது கைக்கு வரணும்னு உழுதானுங்க. மேற்கு வயல் அப்படியே இருக்கட்டும். என் கை அந்தப் பக்கம்."

ஆறுக்கு ஆறு. ஹெஸ்டர் கைக்குட்டையைத் தேடினாள். சளி என்றாள்.

கத்பர்ட் பேனாவோடு காதை முன்னால் நீட்டினார். "புத்தகத்துல பந்தயம்னு ஒண்ணு எழுதியிருக்கு. எட்டு எருது, ஒரு டிராக்டர். யாராவது பாத்தவங்க சொன்னாத்தான் முடிச்சு எழுத முடியும். நடந்துச்சா இல்லையா ரோலண்ட்?"

ரோலண்ட் பீரை ஒரு மடக்குக் குடித்தான். அண்ணியைப் பார்த்தான். பிறகு, காது மந்தமானவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்:

"நடந்துச்சு. எட்டு எருது என் டிராக்டரை மண்ணைக் கவ்வ வச்சுது. பக்கத்துல நின்னு பாத்தேன்."