கேசவன் குடியிருந்த தெரு

கேசவனும் தையல்நாயகியும் 1984 தை மாதம் சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னாலிருந்த தெருவில் வாடகைக்கு வந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அவர்கள் வீட்டைத் தவிர மற்றப் பதினான்கு வீட்டிலும் பிள்ளை பிறந்தது. பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாக அலைந்து ஓய்ந்த ராஜகோபால் சாருக்கு இரட்டை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு பரிசாக பிளாஸ்டிக் குடமும் வாங்கி வந்திருந்த தசரதனுக்குக்கூட ஒரு பெண். காரணம் தெருவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் நடந்ததையெல்லாம் கேசவன் சாயங்காலம் வந்து சொல்லுவான், தையல்நாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எந்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் போனதோ அந்த வீட்டில் பத்தாம் மாதம் தொட்டில் கட்டினார்கள். குடும்பநலத் துறை நர்ஸம்மா தபீதாள்தான் பாவம். "கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கக் கூடாதாம்மா? மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார். புதுசாகக் கல்யாணமானவர்கள் இவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். தையல்நாயகி எல்லாக் குழந்தைக்கும் காப்பு வாங்கிப் போட்டாள். வீட்டுக்கு வந்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எட்டு வருஷம் இப்படியே போனது. 1992 ஆனி மாதம் கேசவனின் அம்மா கிளியம்மாள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும், தனம் என்கிற பெண்ணின் ஜாதகமுமாக வந்து இறங்கினாள். மகன் இரண்டாவது கல்யாணத்துக்குச் சரி சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். எதையும் மருமகளுக்குத் தெரியாமல் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"ஒன்ன இன்னா தொரத்தவா சொல்றேன்? நீயும் இரு, அவளும் இருந்துட்டுப் போவட்டும். எனக்கு ஒரு பேரப்புள்ள வோணும், அவ்ளோதான்."

அன்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது தையல்நாயகி புருஷனைக் கேட்டாள். "உங்களுக்கும் அந்த ஆசை இருக்கா?"

"கொழந்த ஆசை இருக்கு. வேற பொண்டாட்டி ஆசை இல்ல" என்றான் கேசவன்.

பொய் சொல்லாத மனுஷன் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் சொன்னதில் முதல் பாதி என்றைக்காவது இரண்டாம் பாதியை விழுங்கிவிடுமே. ஆனாலும் மறுநாள், டிக்கெட் வாங்க வந்த ஒருவர் தன் ஊர்ப் பெயரை மறந்துபோய் நின்ற கதையை அவன் சொன்னபோது அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கிளியம்மாள் பக்கத்திலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் கிளியம்மாள் செய்த ஒரே தப்பு. மாமனார் ஏகநாதனோ, பெண்டாட்டி இல்லாமல் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், சனிக்கிழமை தவறாமல் கத்திரிக்காய்ப் பையோடு வந்து தங்கிப் போனார்.

ஐப்பசியில் கிளியம்மாளுக்கு வாந்தி கண்டது. தாம்பரம் தண்ணி ஒத்துக்கவில்லை என்றாள். தபீதாள் கையைப் பிடித்துப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மூன்று மாதம் என்றார். அப்போது கிளியம்மாளுக்கு வயது ஐம்பது. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. தனத்தின் வீட்டுக்குப் பதில் சொல்ல ஏகநாதனை அனுப்பினார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே போய், தரையைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

வளைகாப்பு தலைப்பிரசவத்துக்குத்தான். முப்பத்திரண்டு வருஷம் விட்டுப்போனதால் இதையும் தலைப்பிரசவமாகவே தெரு எடுத்துக்கொண்டது. பிள்ளை பெறாதவள் முதல் வளையல் போடக் கூடாது என்பது வழக்கம். தையல்நாயகி யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அடுப்படிக்குப் போய்ப் புளிசாதம் கிளற ஆரம்பித்தாள். கூடத்தில் ராஜகோபால் சாரின் சம்சாரம் வளையலை எடுத்ததும் கிளியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவள இட்டுனு வாங்க. இது அவ சிரிச்சு வந்த புள்ள. அவ போடாம வேற எவ போடறது?"

தையல்நாயகி கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்தாள். வளையல் மணிக்கட்டில் ஏறாமல் அடம்பிடித்தது. சோப்புத் தண்ணீர் தடவி, மெதுவாக, உடையாமல் ஏற்றினாள்.