புளிப்பு கேட்ட நாலு கடுதாசி

ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு சங்கதியை இன்பம் நாலு மாதமாகப் புருஷனிடம் மட்டும் ஒளித்து வைத்திருந்தாள். வயிற்றை ஒளிக்க முடியுமா என்று கேட்கலாம். மலாயாவில் இருக்கிறவனிடம் ஒளிக்கலாம். நடுவில் கடல் கிடக்கிறதே!

தேவஇரக்கம் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சித்திரையில் லீவில் ராஜபாளையம் வந்தவன், ஆவணியில் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கப்பலேறினான். அவன் போன பிறகுதான் இவளுக்கு நாள் தள்ளியது. எழுதினால், "பெத்துப் பிழைச்சு வா" என்பான். அது இரண்டு வருஷத்துக்கு இழுக்கும். கிருபாபாய்க்கு நாலு வயது, பால்துரைக்கு இரண்டு. லீவில் வந்த அப்பனைப் பார்த்து, "யாரு இந்த மாமா?" என்று கேட்ட பிள்ளை அவன். இன்னும் இரண்டு வருஷமா? நல்லாயிருக்கே நியாயம்! வாயை மூடிக்கொண்டாள்.

மூடாத வாய் ஒன்று வீட்டிலேயே இருந்தது. நாத்தனார் அன்னத்தாய்.

"ஏட்டி, அம்மை குத்த ஸ்ரீவில்லிபுத்தூர் போன பஸ்ஸுலயே இந்தப் பய மூணு தரம் கக்கினான். கப்பல்ல அம்புட்டு நாளும் அவனைத் தூக்குவியா, வயித்தைத் தூக்குவியா? அங்க மருத்துவச்சி உண்டா? மருந்து இடிச்சுக் குடுக்க நாதி உண்டா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு, மதினி."

"கர்த்தர் வந்து வெந்நி போடுவாரோ? இரு, என் தம்பிக்கு நானே எழுதிப் போடுதேன்."

அன்னத்தாய்க்கு எழுதத் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் இன்பத்தின் பொழுது போயிற்று. ஆனாலும் பயம் விடுமா? டிரங்குப் பெட்டியில் துணி அடுக்க உட்காருவாள். நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வரும். அதோடு கை ஓடாது.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் தபால்காரர் வந்தார். கடுதாசியின் இரண்டாவது வரியிலேயே இன்பத்துக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. 'நீ மறைத்த சங்கதி எனக்குத் தெரியும்' என்று இருந்தது.

"மதினீ! ஆளைப் பிடிச்சு எழுதிப் போட்டுட்டீகளே! நீங்க நல்லாயிருப்பீகளா?"

"நான் எழுதலட்டி! வேதப் புஸ்தகத்து மேல சத்தியம். மேல படி."

மதினி கேட்க உரக்கவே படித்தாள்.

'உன் நாலு கடுதாசியும் என் முன்னால் இருக்கின்றன. முதலாவதில், அங்கே புளி கிடைக்குமா என்று கேட்டாய். அடுத்ததில் மாங்காய். அதற்கடுத்ததில் எலுமிச்சை. போன வாரம் வந்ததில் நெல்லிக்காய். கிருபா வயிற்றில் இருந்தபோது நம் வீட்டுப் புளியமரத்தில் ஒரு பிஞ்சு மிஞ்சவில்லை. பால்துரைக்கு அடுத்த வீட்டு மரமும் மொட்டை. நான் கம்பவுண்டர் என்பது உனக்கு மறந்தே போயிற்றா?'

அன்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய? சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டது.

"அடி கூறுகெட்டவளே! என்னைத் திட்டுனியே, உன் நாக்குல்லா உன்னைக் காட்டிக் குடுத்திருக்கு!"

இன்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வரி என்னவோ? வரச் சொல்வானா, இருக்கச் சொல்வானா?

'வராதே என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. பிறகு, பக்கத்து வரிசைவீட்டில் இருக்கும் சோழபுரத்து சீனியம்மாளிடம் சொன்னேன். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. சுக்கும் மிளகும் இடித்து வைத்துவிட்டாள். வெந்நீர் போட அண்டாவும் வாங்க வைத்துவிட்டாள். கப்பலில் குமட்டினால் பால்துரை நாக்கில் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு வை. அவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

வீட்டில் நாலு பேர் என்று தோட்டத்து ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்றுப் போய் ஐந்து என்று திருத்திவிட்டு வந்தேன்.'

இன்பம் கடுதாசியை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளைகள் பயந்து ஓடிவந்து மடியில் விழுந்தன.

"யாரும்மா அஞ்சாவது ஆளு?" என்றாள் கிருபாபாய்.

"ஒளிச்சு வச்சவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு அன்னத்தாய் உள்ளே போனாள். இரண்டு கையாலும் ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் இறக்கினாள். உப்பில் ஊறிய மாங்காய், ஜாடியின் கழுத்து வரைக்கும்.

"இதை எப்ப போட்டீக, மதினி?"

"நீ ரெண்டாவது கடுதாசி எழுதுன அன்னைக்கு."

"போகாத போகாதன்னு சொல்லிக்கிட்டா?"

"சொல்லுதது வாயி. போட்டது கையி" என்றாள் அன்னத்தாய். "மூடுட்டி பெட்டிய. இங்கயே தின்னு தீத்துராத."