விசிறி நடுவே கப்பித்தான் முகம்

பேட்டைத் தலைவரான கப்பித்தான் போன்சியானோவின் முகம் ஒட்டாத இடம் அங்கே இல்லை. ஆம்புலன்ஸ் கதவில் சிரிப்பார். கூடைப்பந்துப் பலகையில் சிரிப்பார். பந்து அவர் மூக்கில் பட்டுத்தான் வலைக்குள் விழும். இழவு வீட்டுக்கு இரவல் போகும் கூடாரத்தில்கூட, சவப்பெட்டிக்கு நேர் மேலே, பல் தெரியச் சிரிப்பார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒட்ட இடம் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குளோரிபெல் உதவி கேட்டுப் போனாள்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் குளோரிபெல்லை அடிக்க இலோயிலோ நகரத்தில் ஆளில்லை. சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் மணிலா அணி ஒன்று அவளைக் கவனித்திருந்தது. உன் கம்ப்யூட்டரில் இருந்தே இணையம் வழியாக ஒரு தேர்வு ஆட்டம் ஆடு, பார்க்கிறோம் என்றது. தேறினால் மணிலா, வேலை, தங்க இடம். தேறாவிட்டால் பழையபடி போன் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டியதுதான். அவளுடைய கம்ப்யூட்டரோ கிழடு. கூட்டமாகச் சண்டை மூளும்போதெல்லாம் திக்கித் திக்கி நின்றது.

"பிராசசர்தான் பழசு, கப்பித்தான். அதையும் அது உக்கார்ற போர்டையும் மாத்தினாப் போதும்."

"பிராசசர்னா?"

"சமையக்கட்டு மாதிரி. யாரு எங்க நிக்கிறான், குண்டு யாரு மேல பட்டுச்சு, எல்லாக் கணக்கும் அதுதான் போடும். அது ஆக்கி இறக்கினாத்தான் கிராபிக்ஸ் கார்டு அதைப் படமாப் பரிமாறும். என் சமையக்காரன் கிழவன்."

கப்பித்தான் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். பேட்டைப் பெண்பிள்ளைகள் எல்லாம் அவருக்கு 'இந்தாய்'தான். ஓட்டுப்போடும் வயது வந்தவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே அப்படிக் கொஞ்சுவார்.

"எல்லாம் சரி இந்தாய். ஸ்டிக்கரை அதுல எங்க ஒட்றது?"

"ஒட்ட முடியாது. அது மேல ஒரு விசிறி உக்காந்துக்கும். வெளியில தெரியாது."

"தெரியாதா?"

கப்பித்தான் முகம் சுண்டிப்போனது. மக்கள் கண்ணுக்குத் தெரியாத சேவை எதையும் அவர் இதுவரை செய்ததில்லை. அந்தக் கெட்ட பழக்கத்தை இந்த வயதில் தொடங்கும் உத்தேசமும் அவருக்கு இல்லை.

ஆகவே பிராசசர் வரவில்லை. கிராபிக்ஸ் கார்டு வந்தது. செங்கல்லைவிட நீளம், மூன்று விசிறி, உடம்பெல்லாம் வானவில் விளக்கு. ஒவ்வொரு விசிறியின் நடுப்பொட்டிலும் கப்பித்தானின் வட்ட முகம். அது மறைந்துவிடக் கூடாதே என்று, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த புதுப் பெட்டியும் கூடவே வந்தது.

பேட்டை அலுவலகத்தில் ரிப்பன் வெட்டினார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லித் தீர்த்தத்தை எடுத்தார். திறந்து கிடந்த கம்ப்யூட்டரை நோக்கி அவர் கை ஓங்கியதும் குளோரிபெல் பாய்ந்து அதன் மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். தீர்த்தம் முழுக்க அவள் முதுகில்.

"என்ன பக்தி பாருங்க!" என்றார் கப்பித்தான். கூட்டம் கை தட்டியது.

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. மூன்று கப்பித்தான்களும் கரைந்து சாம்பல் வட்டமானார்கள்.

"இதை நிறுத்த முடியாதா?"

"ஆன் பண்ணினதும் ஒரு தடவை சுத்திப் பாத்துக்கும், கப்பித்தான். அப்புறம் கார்டுக்கு வேலை வந்து சூடானாத்தான் சுத்தும். நல்லதுதான்."

அவருக்கு அது நல்லதாகப் படவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடிப் பார்த்தாள். எதிரியின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் நாலு பேர் சேர்ந்து சுட ஆரம்பித்ததும், அதே திக்கல். மீசையோடு சேர்ந்து உலகமே உறைந்து நின்றது.

ஊரே 'மனோங்', அண்ணன், என்று கூப்பிடும் ரிப்பேர் கடை பெர்டிங்கிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த திருகாணி தெறித்தது.

"விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியாச்சா! சரி, அந்தக் கார்டை என்கிட்டத் தள்ளு. பதிலுக்குப் புது பிராசசரும் போர்டும் தர்றேன். உன் பழைய கார்டே இந்த ஆட்டத்துக்குத் தாராளம்."

"கப்பித்தான் மூஞ்சி, மனோங்?"

"உரிச்சு எலிப்பொறியில ஒட்டு. எலி கும்பிட்டுக்கிட்டே உள்ள வரும்."

கார்டைக் கழற்றி, துண்டில் சுற்றி, குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் அவள் அம்மா எஸ்தெலிதா நின்றாள். கழுத்தில் பேட்டை அலுவலக அட்டை, கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வீடு வீடாகப் போய்க் கிழவர்களின் கையில் பட்டை சுற்றுவது அவள் வேலை. அந்த வேலையில் ஆளை வைப்பதும் எடுப்பதும் கப்பித்தானின் வாய்ச்சொல்.

"அது எங்கடி போகுது?"

சொன்னாள்.

"கண்ணாடிப் பெட்டி குடுத்ததே வந்து பாக்கத்தாண்டி. உள்ள அவன் மூஞ்சி இல்லன்னா, மறுநாள் என் கழுத்துல அட்டை இருக்காது."

"இதை வச்சு ஆடினா மணிலா இல்லம்மா."

"வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். தண்ணிய முதுகுல வாங்கிட்டு நின்னியே."

அந்த ஊரில் செஞ்சோற்றுக் கடன் தீரவே தீராது. இது சோறே போடாதவனுக்குப் பட்ட கடன். அம்மா அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கிக்கூட நின்றாள். அப்படி ஒதுங்கி நின்றதுதான் குளோரிபெல்லைத் திருப்பி அனுப்பியது. உள்ளே போய்க் கார்டை மறுபடி மாட்டினாள்.

தேர்வு ஆட்டத்தன்று திருவிழா. 'நம் பிள்ளை ஆடுவதை நம் மக்கள் பார்க்க வேண்டாமா' என்று கப்பித்தான் அவளையும் கம்ப்யூட்டரையும் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்துக்கே தூக்கிவந்துவிட்டார். பெரிய திரை, நாற்காலிகள், எல்லோருக்கும் பான்சித் நூடுல்ஸ். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி தனியாக ஒரு கேமரா; திரையின் மூலையில் ஆட்டம் முழுக்க அந்தப் படம்.

ஒருவனுக்கு ஒருவன் மோதியபோதெல்லாம் குளோரிபெல்தான் ஜெயித்தாள். மைதானம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு எதிரணி கூட்டமாக வர ஆரம்பித்தது. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தாள். கப்பித்தானின் செயலாளர் ஓடி வந்தார்.

"ஏன் மங்கலாத் தெரியுது? கப்பித்தான் குடுத்த கார்டு! உச்சத்துல வை!"

வைத்தாள். திக்கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கார்டு எதற்கும் தயாராகத்தான் இருந்தது. சமையல்கட்டிலிருந்துதான் இலைக்கு எதுவும் வரவில்லை. கடைசிச் சண்டையில் புகை வெடித்தது, எதிரி திரும்பினான், உலகம் நின்றது. அது மறுபடி அசைந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். அவள் ரத்தம் மட்டும் வெகு தத்ரூபமாக இருந்தது.

மணிலாவிலிருந்து போனில் இரண்டே வரி வந்தது: கண் நன்றாக இருக்கிறது, கை தாமதம். வேறு ஆளைப் பார்க்கிறோம்.

கப்பித்தான் மைக்கைப் பிடித்தார். "கருவி உலகத் தரம், மக்களே! அது என் பொறுப்பு, செஞ்சுட்டேன். இனி நம்ம பிள்ளைங்க உழைக்கிறதுதான் பாக்கி." கூட்டம் அவளைப் பாவமாகப் பார்த்தது. மைக்கை அவளிடம் நீட்டினார்.

வாயைத் திறந்தாள். மூன்றாவது வரிசையில் எஸ்தெலிதா மடியில் பான்சித் தட்டோடு, கழுத்து அட்டையை விரலால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நன்றி, கப்பித்தான்," என்றாள் குளோரிபெல்.

கைதட்டல் அடங்கும் முன்பே அவர் அவள் தோளைத் தட்டி, திரையின் மூலையைக் காட்டினார். மூன்று வட்டத்திலும் மூன்று முகம், ஒரு பல்கூடக் கலையாமல் தெளிவாகச் சிரித்தன.

"பாத்தியா இந்தாய், அன்னிக்குச் சுத்திச் சுத்தி மானத்தை வாங்கிச்சு. இன்னிக்கு ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட அசையல. என்ன ஒரு சரக்கு!"

"ஆமா கப்பித்தான். அதுக்கு வேலையே வரல."

அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.