வால் தாத்தாவின் கெமரா

பிலிமத்தலாவையில் பாதிச் சனத்தின் மூக்கில் உட்கார்ந்திருப்பது றலியாவின் கடைக் கண்ணாடிதான். அடுத்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் கெமராவைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனால் மட்டும், யார் கண் பட்டதோ, ஒன்றும் உருப்படியாக விழாது.

ரயிலைப் படம் எடுப்பது அவளுக்குப் பிடித்திருந்த பைத்தியம். கடை பூட்டும் நாளில் மற்றப் பெண்கள் கண்டிக்குச் சாமான் வாங்கப் போனால், இவள் ஏதாவதொரு ரயில் பாதையோரத்தில் காத்துக் கிடப்பாள். காத்துக் கிடந்து என்ன கண்டாள்? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாத்தளை ரயில் ஏறிய நேரம் பார்த்து, முன்னால் போன பெரியவர் ஒருவர் தூறலுக்குக் குடையை விரித்தார். கெலிஓயாவில் எல்லாம் கூடி வந்தது, வெயில்கூட வந்தது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டாள். பேராதனையில் இஞ்சின் கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்து, கண்ணாடியின் கால் முறிந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னார். இடைஞ்சல் எல்லாம் விலகி அவள் பட்டனை அமுக்கும்போது இஞ்சின் போய்விட்டிருக்கும். கடைசிப் பெட்டிதான் மிச்சம். வந்ததற்கு அதையாவது எடுப்போம் என்று எடுப்பாள். அங்கே நிற்கும் ரயில் கார்ட் கையசைப்பார், இவளும் அசைப்பாள். அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ரயில்களின் முதுகு.

இதே பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கண்டியில் ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அதில் கொடிகட்டிப் பறந்தவர் கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் தாஸிம். அவருடைய லென்ஸ் ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும். அதை அவர் தூக்கி வருவதும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான். அக்காவைத் தாத்தா என்று அழைப்பது அங்குள்ள முஸ்லிம்களிடையே வழக்கம். றலியாவுக்கு அவர் வைத்த பெயர் 'வால் தாத்தா'. அவள் ஒரு படம் போட்டால் போதும், "வால் தாத்தா, தலைய எங்க வெச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிடுவார். குழுவே சிரிக்கும். றலியாவும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் சிடுசிடுப்பாள்.

ஒரு நாள் குழுவில் வீரய்யா செய்தி போட்டான். பன்வில தோட்டத்தில் பிறந்து, இப்போது கண்டியில் வங்கி வேலையில் இருப்பவன்; ரயில்வேயில் அவனுக்குக் கூட்டாளிமார் உண்டு. பழைய வெள்ளி நிற இஞ்சினுக்கு இனி ஓய்வாம். பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் விசேட ரயிலோடு அது கடைசி முறையாகக் கடுகண்ணாவை மலை ஏறப் போகிறதாம். குழு கொதித்துப் போனது. கடுகண்ணாவைக்குக் கீழே, பாறையை ஒட்டிப் பாதை வளையும் இடத்தில் எல்லோரும் கூடுவதென்று முடிவாயிற்று.

"வால் தாத்தாவும் கட்டாயம் வாங்கோ," என்று எழுதினார் தாஸிம். "கடைசிப் பெட்டிய எடுக்க ஒரு ஆள் வேணும்தானே."

றலியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யோசிக்காமல் எழுதினாள்: "இந்த முறை அந்த இஞ்சின்ட முகத்த எடுக்காட்டி என்ட கெமராவ வித்துடுவன். நீங்களே வாங்குங்கோ தம்பி."

"சரி. வெலையச் சொல்லுங்கோ," என்று உடனே பதில் வந்தது.

அவளுடைய கணவர் மஹ்மூத் அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கொஞ்சம் வாய மூடிட்டு ஈக்க ஏலாதா ஒங்களுக்கு?"

கடை ஓடத் தொடங்கிய காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய கெமரா அது. ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற பிறவி இல்லை அவள்.

போயா அன்று காலை மழை ஊற்றிவிட்டு ஓய்ந்திருந்தது. றலியா எல்லோருக்கும் முன்னால் போய், பாதைக்கு விலகியிருந்த மேட்டில் நல்ல இடமாகப் பிடித்தாள். லென்ஸ் மூடியைக் கழற்றி மஹ்மூதின் சட்டைப் பையில் போட்டாள். போனை நிறுத்தினாள். குடை வைத்திருந்த ஒரு மனிதரைச் சுருக்கச் சொன்னாள். அட்டை ஒன்று காலில் ஏறியது, அதையும் தட்டிவிட்டாள். இனி எவன் வந்து கெடுப்பான் என்று நிமிர்ந்தபோது ஒரு கலியாணச் சோடி வந்து இறங்கியது.

கலியாணத்துக்கு முன்பே ரயில் பாதையோரம் நின்று படம் எடுக்காவிட்டால் இப்போது கலியாணமே செல்லாது போலும். மணமகளின் தலையிலிருந்து வெள்ளை வலைத்துணி ஒன்று பின்னால் நீண்டு கிடந்தது. அவர்களுடைய படப்பிடிப்பாளர் றலியாவுக்குப் பக்கத்திலேயே அவர்களை நிறுத்தினார். அவள் முறைத்தாள். மணமகள் சிரித்தாள்.

அப்போது கீழேயிருந்து உறுமல் கேட்டது.

"ரெண்டு இஞ்சின் சத்தம் மாதிரி ஈக்கே," என்றாள் றலியா.

"பாறையில பட்டு எதிரொலிக்குதுக்கா," என்றான் வீரய்யா, கெமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளைவில் வெளிச்சம் தெரிந்தது. றலியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ரயில் நெருங்கிய வேளையில் பள்ளத்திலிருந்து ஒரு காற்று எழும்பி, வலைத்துணியை அப்படியே அள்ளி அவள் முகத்தின் மேலும் கெமராவின் மேலும் போர்த்தியது. சுற்றிலும் கெமராக்கள் படபடவென்று அடித்தன. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. இழுக்க இழுக்கத் துணி லென்ஸைச் சுற்றிக்கொண்டது. முடிந்தது, கெமரா போயிற்று என்று நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

"அடச் சீ! ஏமாத்திட்டானுகள்!" என்று தாஸிமின் குரல் கேட்டது.

முன்னால் வந்தது வெள்ளி இஞ்சின் இல்லை. தினமும் கண்டிக்கு வருகிற நீல இஞ்சின்தான்.

ரயில் படம் எடுக்கிற இவர்களுக்கு ஒரு குணம் உண்டு. இஞ்சின் போய்விட்டால் ரயிலே போய்விட்ட மாதிரி. தாஸிம் லென்ஸைக் கழற்றி, கைக்குழந்தையைப் பைக்குள் படுக்க வைத்தார். வீரய்யா குனிந்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தபடி தன் ரயில்வே கூட்டாளியைத் திட்டிக்கொண்டிருந்தான். கதவுகளில் தொங்கிக்கொண்டு கூவிய விடுமுறைச் சனத்தோடு பெட்டிகள் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. அவற்றை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

றலியா பார்த்தாள். அவள் பழக்கம் அது. மணமகள் துணியை விடுவித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்டுக்குக் கையசைத்துவிட்டுப் போவோம் என்று கீழே பார்த்தாள். அந்த உறுமல் குறையவில்லை. கூடிக்கொண்டு வந்தது.

கடைசிப் பெட்டிக்குப் பின்னால், கரும்புகையைக் கக்கிக்கொண்டு, பாரமான ரயிலை மலையில் தள்ளிக்கொண்டு வந்தது வெள்ளி இஞ்சின்.

அதன் முகம் பின்பக்கம் பார்த்திருந்தது. வரும்போது எடுத்தால் பிடரிதான் விழும். வேறு யாராவது என்றால் பதறிப்போய் அப்போதே அமுக்கியிருப்பார்கள். றலியா அமுக்கவில்லை. போகிற ரயிலை எடுத்து எடுத்துத் தேர்ந்த கை அவளுடையது. எவ்வளவு தூரம் போக விட வேண்டும், லென்ஸை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். இஞ்சின் அவளைத் தாண்டியது. தாண்டியதும் அதன் முழு முகமும் அவள் பக்கம் வந்தது. மழை நனைத்த வெள்ளி உடம்பில் வெயில் விழுந்தது. சாரதி வெளியே எட்டிக் கையசைத்தார்.

அமுக்கினாள். விடாமல் அமுக்கினாள்.

"எடுத்துட்டன்!" என்று அவள் போட்ட கூச்சலில் மணமகளே துள்ளிக் குதித்தாள். தாஸிம் ஒரு கையில் லென்ஸும் மறு கையில் போனுமாகத் தடுமாறி ஏதோ எடுத்தார். அதில் அவருடைய பெருவிரல் வெகு தெளிவாக விழுந்திருந்தது. மஹ்மூத் மனைவியின் கெமராவைக் குனிந்து பார்த்தார், பிறகு தாஸிமைப் பார்த்தார். "தம்பி, வெலையக் கேட்டீங்களே, இப்ப கேளுங்கோ பாப்பம்!" என்றார்.

அன்று குழுவில் அந்த இஞ்சினின் முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். வீரய்யா அதன் கீழே எழுதினான்: "அக்கா, இனிமே நானும் கடைசிப் பெட்டி போற வரைக்கும் நிப்பேன்." தாஸிம் ஒரு வார்த்தை எழுதவில்லை. றலியாவுக்கு அது எழுதியதைவிட இனித்தது.

போயா கழிந்து கடை திறந்த பிறகு தாஸிம் நேரிலேயே வந்தார். உள்ளே சுவரில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை இருந்த இடத்தில், அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது.

"தாத்தா," என்றார் மெதுவாக. வாலை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். "அந்தப் படத்த எனக்கும் ஒண்டு அனுப்புங்கோ. கடையில மாட்டத்தான்."

"அனுப்புறன். மொதல்ல இந்தக் கதிரையில இருங்கோ."

அவர் உட்கார்ந்தார். றலியா அவருடைய ஒரு கண்ணை அட்டையால் மூடிவிட்டுச் சுவரைக் காட்டினாள்.

"அந்த இஞ்சின்ட நம்பர வாசிங்கோ, தம்பி."

தாஸிம் கழுத்தை நீட்டினார், கண்ணைச் சுருக்கினார். "அஞ்சு... மத்தது ஆறா, எட்டா?"

"அதான் பாத்தன்," என்றாள் றலியா, கண்ணாடிச் சட்டங்கள் இருந்த பெட்டியைத் திறந்துகொண்டே. "அவ்வளவு பெரிய இஞ்சின் உங்கட கண்ணுக்கு முன்னால போச்சே, எப்பிடித் தெரியாமப் போனதெண்டு."