ஆறாவது க்யூப்

பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது வரவேற்க ஆள் யாரும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் பதினொரு மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ‘மேல் தட்டு என்னுடையது.’ ‘பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு மறந்து போகாதே.’ ‘கதவை அறைந்து சாத்தாதே.’ எல்லாம் சுத்தத் தமிழில். கடல் கடந்து போன இடத்தில் தாய்மொழியைப் பார்த்தால் கண் கலங்கும் என்பார்கள். அவளுக்கும் கலங்கத்தான் செய்தது. பாசத்தில் கலங்கியது என்று சொன்னால் அது அண்டப்புளுகு.

சீட்டு எழுதிய புண்ணியவதி உள்ளறையிலிருந்து வந்தாள். அதே பல்கலைக்கழகம், அதே கட்டடப் பொறியியல் துறை, கடைசி வருடம். வா என்றுகூடச் சொல்லவில்லை.

“நீதான் அந்தப் புதுசா? எத்தனை மாசம் இருப்ப?”

“ஒரு வருஷம் அக்கா. எக்ஸ்சேஞ்சுல வந்திருக்கேன்.”

“ஒரு வருஷமா!” பல்வலிக்காரி மாதிரி முகத்தைச் சுளித்தாள். “செருப்பை வெளிய விடு.”

அன்று முதல் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் புதுசு. பதிலுக்கு அவளும் மனசுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டாள்: சட்டாம்பிள்ளை. வாயால் கூப்பிடும்போது மட்டும் அக்கா. என்ன இருந்தாலும் மூத்தவள் இல்லையா?

புதுசு ஒன்றும் காற்றடித்து வந்து விழுந்தவள் இல்லை. அவளுடைய கல்லூரி வருடத்துக்கு ஒருவரைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும். நாற்பது பேர் முட்டி மோதியதில் அந்த ஒரு இடம் அவளுக்குக் கிடைத்தது. இங்கே பெரிய புகார் ஒன்று கிளம்பினால் போதும், பாதியிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா வேறு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இதில் விசா இழுத்தடித்து, வகுப்பு தொடங்கிப் பத்து நாள் கழித்துத்தான் அவளால் வந்து சேர முடிந்தது. விதிமுறைகளையெல்லாம் முதல் வாரமே சொல்லி முடித்திருந்தார்கள். இவளுக்காக இரண்டாம் தரம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்த்தாளே தவிர இவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு முறை பேசாமல் திருப்பித் தள்ளினாள். மூன்றாம் முறைதான் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று விரல் நகத்தால் தட்டிக் காட்டினாள். அதை முதல் முறையே தட்டியிருந்தால் நகம் தேய்ந்து போயிருக்குமா? வகுப்பிலோ எல்லோரும் ஏற்கெனவே நாலு நாலு பேராகச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். இவள் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் யாருடைய பையாவது வந்து உட்காரும்.

“சாப்பிட்டியா? எல்லாரும் நல்லாப் பழகறாங்களா?” என்று அம்மா போனில் கேட்டாள்.

“பழகறாங்கம்மா.”

“டப்பா வைக்கிற அடுக்குல பேப்பர் விரிச்சியா? அப்படியே வைக்காதே, கறை பிடிச்சுக்கும்.”

“இங்க யாரும்மா நியூஸ்பேப்பர் வாங்கறாங்க?”

“ஏதாவது ஒரு பேப்பரை விரி,” என்றாள் அம்மா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அவள் வந்த இரண்டாவது வாரம் லேப். ஆளுக்கு எட்டு கான்கிரீட் க்யூப்கள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, உடையும்வரை அழுத்த வேண்டும். உடைகிற நேரத்தில் முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் அந்த க்யூபின் வலு. பழங்காலத்து முள் இயந்திரம் அது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஐந்து க்யூப்வரை எல்லாம் இருபத்தாறை ஒட்டியே உடைந்தன. ஆறாவது, பதினெட்டு புள்ளி நாலிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. தான்தான் கோணலாக வைத்துத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து லேப் வாத்தியாரிடம் ஓடினாள். அந்த மனிதர் சுவர்க் கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சிமெண்டுக் கையாலேயே 18.4 என்று குறித்துக்கொண்டு ஏழாவதைத் தூக்கி வைத்தாள்.

அடுத்து அவள் செய்த காரியத்தை, அவளுடைய கல்லூரியில் ரெகார்டு எழுதிய யாரிடம் சொன்னாலும் ‘இதுல என்ன தப்பு?’ என்றுதான் கேட்பார்கள். அங்கே ரஃப் வேறு, ஃபேர் வேறு. ரஃப் எப்படி வேண்டுமானாலும் கிறுக்கலாக இருக்கலாம். ஃபேரில் ஓரக்கோடு போட வேண்டும், பென்சிலில் படம் வரைய வேண்டும், அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அழுக்குப் பக்கத்தோடு கொடுத்தால் ரெகார்டு ஜன்னல் வழியாகப் பறக்கும். ஏதாவது ஒரு அளவு மட்டும் ஒட்டாமல் முரண்டு பிடித்தால், அதை மற்ற அளவுகளோடு கொண்டுபோய் ‘உட்கார வைப்பார்கள்’. அதைப் பொய் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஒழுங்கான பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்.

மறுநாள் மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து, லேப் நோட்டிலிருந்து சிமெண்டுக் கறை படிந்த நாலு தாள்களைப் பிசிறில்லாமல் கிழித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு எண் அச்சாகியிருந்ததைக் கவனித்தாள். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புதுப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதினாள். ஆறாவது க்யூப் 25.9 ஆகிச் சமர்த்தாக உட்கார்ந்தது.

சட்டாம்பிள்ளை எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். தாள் கிழிகிற சத்தம் கேட்டதும் அவள் கையிலிருந்த கப் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று புதுசு நிமிர்ந்து பார்த்தாள்.

“மேசையைத் துடைச்சிட்டுப் போ,” என்றாள் சட்டாம்பிள்ளை.

கிழித்த தாள்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அடுக்கில் விரித்து அதன்மேல் டப்பாக்களை அடுக்கினாள். இரண்டே நாளில் கட்டட மேலாளரிடமிருந்து எச்சரிக்கை வந்து கதவில் தொங்கியது. சட்டாம்பிள்ளை டப்பாக்களை ஒதுக்கி வைத்து அடுக்கைப் படம் பிடித்து, அழுக்குக் காகிதத்தால் பூச்சி வரும் என்று புகார் அனுப்பியிருந்தாள்.

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா நீ கேப்பியாக்கும்? எழுத்துல வந்தாத்தான் உனக்கெல்லாம் ஏறும்.”

புதுசு பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களை உருவிக் குப்பையில் போட்டாள். குப்பை லாரி மறுநாள் காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

அதற்கு அடுத்த வாரம் லேப் வாத்தியார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய நோட்டைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். எண் வரிசையில் விட்டுப்போன நாலு தாள்கள் எங்கே என்று கேட்டார். இந்த நோட்டில் பக்கத்தைக் கிழிப்பதும் எழுதியதை மறைப்பதும் பெரிய குற்றம், தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்த எட்டு க்யூபில் ஒன்றை, சரியாகக் குத்தி இறுக்காமல் தான் வேண்டுமென்றே மோசமாக வார்த்து வைத்ததாகச் சொன்னார். சோதனை செய்த எல்லோருக்கும் ஒன்று சீக்கிரம் உடைந்திருக்கிறது. உனக்கு மட்டும் எட்டும் ஒன்றுபோல நின்றிருக்கின்றன. ஆகவே நீ எதையும் உடைக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதியிருக்கிறாய் என்றார்.

செய்தேன் என்றாள். அன்று உங்களிடம்கூட ஓடி வந்தேனே என்றதற்கு, அன்று ஓடி வராதவர் யார், நீ உடைத்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். அன்று பக்கத்து மேசையில் இருந்தவர்களைக் கேட்டால் கவனிக்கவில்லை என்று தோளைக் குலுக்கினார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு. குற்றம் உறுதியானால் எக்ஸ்சேஞ்ச் ரத்து, அவள் கல்லூரிக்கு ஒரு கடிதம், அவளுக்கு ஊருக்கு டிக்கெட்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்தப் புகார்ப் படம் பளிச்சென்று ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, என் அடுக்கைப் பத்திப் புகார் கொடுக்க எடுத்தீங்களே, அந்தப் படம் வேணும்.”

“எதுக்கு?”

நடந்ததைச் சொன்னாள். சட்டாம்பிள்ளை போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகப் படித்தாள்.

“ஆறாவது பதினெட்டு புள்ளி நாலு. ஃபேர்ல என்ன போட்ட?”

“இருபத்தஞ்சு புள்ளி ஒம்பது.”

“அப்புறம் இதை எதுக்குக் கேக்கற? காட்டலேன்னா டெஸ்டே பண்ணலைம்பாங்க. காட்டினா, பண்ணிட்டு மாத்தி எழுதினேம்பாங்க. எப்படியும் நீ மாட்டிக்கிட்ட.”

“மாத்தினது நெஜம்தானே. பண்ணவே இல்லைங்கறதுதான் பொய். பண்ணாத தப்புக்கு நான் போகமாட்டேன்.”

சட்டாம்பிள்ளை டீ கப்பை எடுத்தாள். கப்பைப் பார்த்ததும் புதுசுக்கு அன்றைய சாயங்காலம் முழுதும் கண்முன்னால் வந்தது. கோபம் தலைக்கு ஏறியது.

“நான் கிழிக்கறப்போ நீங்க எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க? கிழிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“எனக்கு யாரு சொன்னா?” சட்டாம்பிள்ளையின் குரல் உயர்ந்தது. “நானும் வந்த புதுசுல இதே மாதிரிதான் கிழிச்சேன். ஃபெயிலாக்கி ஒரு வருஷத்தையே திரும்பப் படிக்க வச்சாங்க. இல்லேன்னா இந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன். உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இங்க நிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை.”

“என் வருஷமும் போயிட்டா உங்க வருஷம் திரும்பி வந்துடுமா அக்கா?”

சட்டாம்பிள்ளையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தன் அறைக்குள் போய், ‘கதவை அறைந்து சாத்தாதே’ என்று எழுதியவளே கதவை அறைந்து சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் புதுசின் போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது. படம் மட்டும் இல்லை, மேலாளருக்கு அனுப்பிய புகார் முழுவதும், தேதி, மணியோடு. ‘என்னுடன் தங்கியிருப்பவளுக்குச் சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது’ என்ற வரியும் அதில் இருந்தது. மகராசி அதைக்கூட அழிக்கவில்லை.

வியாழக்கிழமை குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். லேப் வாத்தியார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். புதுசு புகாரை மேசையில் வைத்தாள். தனக்குத் தெரிந்த மட்டும் அவர்கள் மொழியில் சொன்னாள். எட்டையும் நான்தான் உடைத்தேன். ஆறாவது பதினெட்டு புள்ளி நாலில் போய்விட்டது. என் கைப்பிழை என்று நினைத்து நானே மாற்றினேன்.

தேதியைப் பார்த்தார்கள். விசாரணைக்கு வெகு முன்னால் எடுத்த படம். இவள்மேல் கரிசனம் உள்ளவர் எடுத்ததும் இல்லை, அது அந்தக் கடிதத்தைப் படித்த யாருக்கும் விளங்கும். வாத்தியார் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் 18.4 என்ற எண்ணைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த க்யூப் ஒரு கட்டடத்தின் தூணிலிருந்து வந்திருந்தால், நீ 25.9 என்று எழுதிக் கொடுத்த பிறகு மேல்மாடியில் யார் குடியிருப்பார்கள்?

‘எங்க காலேஜ்ல இப்படித்தான் எழுதுவோம்’ என்று சொல்லத்தான் அவள் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வந்திருந்தாள். மாடியில் இருப்பவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்கு அந்த மனிதரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

பத்து நிமிடம் வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டுத் தீர்ப்பைப் படித்தார்கள். சோதனைக்குப் பூஜ்யம். வாத்தியார் முன்னிலையில் மறுபடி செய்ய வேண்டும். எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இன்னொரு முறை என்றால் ஊர்தான். இந்த முறை இங்கேயே இருக்கலாம். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கதவைக்கூட அவளேதான் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை வாத்தியார் பிடரியில் மூச்சு படுகிற தூரத்தில் நின்றார். புதிய எட்டு க்யூப்கள். இந்த முறை மூன்றாவதே பதினேழு புள்ளி ஆறில் உதிர்ந்தது. பாழாய்ப்போன கை, பழக்க தோஷத்தில் 27.6 என்று எழுதிவிட்டது. பார்த்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் 17.6 என்று எழுதினாள். அதன்மேல் சிமெண்டு விரல்ரேகை வேறு விழுந்தது. அத்தனை கேவலமான பக்கத்தை அவள் ஜென்மத்தில் எழுதியதில்லை. வாத்தியார் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை சமையலறை மேசையில் நோட்டை விரித்து வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூள் மேசையெல்லாம் உதிர்ந்தது. சட்டாம்பிள்ளை டீ கப்போடு வந்து எதிரே நின்றாள். என்ன தீர்ப்பு என்று நாலு நாளாக அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“பக்கம் அசிங்கமா இருக்கு.”

“நடந்தது அப்படித்தான் அக்கா.”

சட்டாம்பிள்ளையின் கப் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. புதுசு நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள். அவள் வாயிலிருந்து இந்தத் தடவை ‘மேசையைத் துடை’ என்றுகூட வரவில்லை.

புதுசு நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மேசையைத் துடைக்கவில்லை.